ஆய்வகத்துக்குள் வரும் கதிரியக்கப் பொருள்: ஆர்டர் முதல் கடைசிக் கையெழுத்து வரை

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தாழ்வாரத்தில் இருந்த பொது ஃபிரிட்ஜைத் திறந்தேன். பஃபர் பாட்டில்களுக்கு நடுவே ஒரு தெர்மோகோல் பெட்டி. ‘குளிரில் வைக்கவும்’ என்று மேலே ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு யாரோ நல்லெண்ணத்தில் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டிக்குள் இருந்தது பாஸ்பரஸ்-32, கதிர்வீச்சு வெளியிடும் பாஸ்பரஸ் வகை. கூரியர் வந்தது காலை 11 மணிக்கு, நான் பார்த்தது மாலை 6 மணிக்கு. கசிவு இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஏழு மணி நேரமும் அந்தக் குப்பி யாருடைய பொறுப்பிலும் இல்லை.

கதிரியக்கப் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் ஈயச் சுவரும் கெய்கர் கவுன்ட்டரின் சத்தமும்தான் நினைவுக்கு வரும். அவை தேவைதான். ஆனால் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கதிர்வீச்சால் வந்தவை அல்ல. பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது நடுவில் பெயர் விட்டுப்போனதால் வந்தவை. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விதியைச் சுற்றியே போகும்: கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு குப்பிக்கும், எந்த நிமிடத்தில் கேட்டாலும், ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும்.

படி 1: எத்தனை வாசல் என்று எண்ணுங்கள்

ஐசோடோப் (இங்கே, ஒரு தனிமத்தின் கதிரியக்க வகை) விற்கும் நிறுவனத்திடம் ஆர்டர் போட்டு வாங்குவது ஒரு வாசல். அதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காத வாசல்கள் வேறு.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில் சாயமேற்ற யுரேனியச் சேர்மமான யுரேனைல் அசிட்டேட் வாங்குவார்கள். சாதாரண வேதிப்பொருள் பட்டியலிலேயே அது கிடைக்கும். வாங்கும் மாணவர் அதை உப்பு, அமிலம் மாதிரி இன்னொரு பாட்டிலாகத்தான் நினைப்பார். பழைய வேதியியல் அலமாரிகளில் தோரியம் நைட்ரேட்டும் இப்படித்தான் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் கருவிகள். வாயு குரோமட்டோகிராஃபியில் எலெக்ட்ரான் பிடிப்பு டிடெக்டர் இருந்தால் அதற்குள் நிக்கல்-63 இருக்க வாய்ப்பு அதிகம். திரவ சிண்டிலேஷன் கவுன்ட்டர்கள் (கதிரியக்கத்தால் திரவத்தில் எழும் ஒளிப் பொறிகளை எண்ணும் கருவிகள்) பலவற்றில் அளவீட்டைச் சரிபார்க்க ஒரு சிறிய காமா மூலம் (காமா கதிர் வெளியிடும் பொருள்) உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். நுண்தராசுக்குப் பக்கத்தில் நிலைமின்னை நீக்க வைக்கும் பட்டையில் பொலோனியம்-210 இருக்கலாம்.

இவை போக மனிதர்கள் கொண்டு வருபவை. வேறு நிறுவனத்திலிருந்து மாறி வரும் ஆய்வாளர் தன் ஃப்ரீசரையே தூக்கிக்கொண்டு வருவார். நண்பர் ஒருவர் ‘மீதி இருக்கிறது, வைத்துக்கொள்’ என்று ஒரு குப்பியைக் கொடுப்பார். அணு உலையில் நியூட்ரான் கதிரேற்றத்துக்கு அனுப்பிய மண் மாதிரி போகும்போது வெறும் மண்தான்; திரும்பும்போது கதிரியக்கத்தோடு வரும்.

இவை அத்தனையையும் ஒரே இடத்தில் வடிகட்ட வேண்டும் என்றால் அந்த இடம் கொள்முதல் பிரிவுதான். யுரேனியம், தோரியம், ஐசோடோப், லேபிள் செய்யப்பட்டது, மூலம் போன்ற சொற்கள் வரும் எந்த விண்ணப்பமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் இல்லாமல் நகரக் கூடாது என்று ஏற்பாடு செய்யுங்கள். புதிதாகச் சேருபவரின் படிவத்தில் ‘கதிரியக்கப் பொருளோ கதிரியக்க மூலம் உள்ள கருவியோ கொண்டு வருகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி சேருங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘ஆம்’ என்று வரும் அந்த ஒரு தடவைக்காகத்தான் அந்தக் கேள்வி.

படி 2: உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்

எந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த உரிமமானாலும் அடிப்படையில் அது சொல்வது மூன்று: எந்த ஐசோடோப், எந்த வடிவத்தில், ஒரே சமயத்தில் எவ்வளவு வரை. மூன்றாவதில்தான் தடுக்கி விழுவோம். ‘ஒரே சமயத்தில்’ என்றால் ஃப்ரீசரில் இருப்பது மட்டுமல்ல. கழிவுத் தொட்டியில் சிதைந்துகொண்டிருப்பதும் சேர்த்துத்தான்.

இன்னொரு பொறி, குறிப்புத் தேதி. குப்பியின் மேல் எழுதியிருக்கும் கதிரியக்க அளவு, நீங்கள் வாங்கிய நாளுக்கான அளவு அல்ல. அதில் அச்சிட்டிருக்கும் தேதிக்கான அளவு. அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) குறைந்த ஐசோடோப்களுக்கு அந்தத் தேதி சில சமயம் வருங்காலத்தில் இருக்கும். பாஸ்பரஸ்-32 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அரை ஆயுள் 14.3 நாள். குப்பியில் 9.25 மெகாபெக்கெரல் என்று இருக்கிறது (ஒரு மெகாபெக்கெரல் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் சிதைவுகள்). குறிப்புத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே பெட்டி வந்துவிட்டது. அப்படியென்றால் இன்று உள்ளே இருப்பது ஏறத்தாழ 13 மெகாபெக்கெரல். உங்கள் வரம்பு 10 என்றால், பெட்டி வாசலுக்குள் நுழைந்த நிமிடமே நீங்கள் உரிமத்தை மீறிவிட்டீர்கள். தாளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்!

அலகுகளையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கியூரி பழைய அலகு; ஒரு மில்லிகியூரி என்பது 37 மெகாபெக்கெரல். ஒரு மைக்ரோகியூரி என்பது 37 கிலோபெக்கெரல். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு. படிவத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆர்டரில் இரண்டு அலகிலும் எழுதச் சொல்வது என் பழக்கம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறார்.

கணக்குப் போடும் இந்த நேரத்தில்தான் ‘இது இல்லாமல் முடியுமா?’ என்றும் கேட்க வேண்டும். ஒளிரும் சாயம் போதும் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். பாஸ்பரஸ்-32 க்குப் பதில் பாஸ்பரஸ்-33 சரிப்படும் என்றால் பீட்டாவின் (அதிலிருந்து பாயும் எலெக்ட்ரான்களின்) ஆற்றல் பல மடங்கு குறையும். அரை ஆயுள் கூடினாலும் 25 நாள்தான்.

படி 3: வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் பெட்டி வரக் கூடாது. ஆர்டர் போடும்போதே வரும் தேதி, வாங்குபவர் பெயர், அவர் இல்லாவிட்டால் யார் என்று மூன்றையும் எழுதி, வாசலில் இருக்கும் பாதுகாவலரிடமும் தபால் அறையிலும் கொடுங்கள். அவர்களுக்கு நீளமான பயிற்சி தேவையில்லை. ‘பெட்டியைத் திறக்காதீர்கள், ஈரமாகவோ நசுங்கியோ இருந்தால் தொடாதீர்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்று ஒரு தாள் போதும்.

படி 4: பெட்டி வந்துவிட்டது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

முதலில் வெளியே என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சர்வதேசப் போக்குவரத்து விதிகளின்படி கதிரியக்கப் பெட்டிகளுக்கு மூன்று வகை லேபிள் உண்டு. வெள்ளை-1 என்றால் பெட்டியின் மேற்பரப்பில் டோஸ் வீதம் (உடல் வாங்கும் கதிர்வீச்சு, சீவர்ட் அலகில்) மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டாது. மஞ்சள்-2 என்றால் மேற்பரப்பில் அதிகபட்சம் 500 மைக்ரோசீவர்ட். மஞ்சள்-3 என்றால் 2 மில்லிசீவர்ட் வரை. மஞ்சள் லேபிள்களில் போக்குவரத்துக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்பதை நூறால் பெருக்கிய எண் அது. குறியீடு 1 என்றால் ஒரு மீட்டரில் மணிக்கு 10 மைக்ரோசீவர்ட்.

ஆனால் நம் ஆய்வகங்களுக்கு வரும் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்), கார்பன்-14 போன்றவை பெரும்பாலும் ‘விலக்களிக்கப்பட்ட பெட்டி’ என்ற வகையில் வரும். அவற்றின் வெளிப்புறத்தில் அந்த வைர வடிவ லேபிளே இருக்காது. யுஎன் 2910 என்ற எண் மட்டும் சின்னதாக இருக்கும். ‘கதிரியக்கப் பொருள்’ என்ற எச்சரிக்கை, பெட்டியைத் திறந்த பிறகு உள்ளேதான் தெரியும். என் தெர்மோகோல் பெட்டியைப் பொது ஃபிரிட்ஜில் வைத்தவரைக் குறை சொல்ல முடியாததற்குக் காரணமும் இதுதான். தபால் அறையில் ஒட்டும் தாளில் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

சரி, இப்போது அளவீடு. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஆன் செய்யாதீர்கள். தள்ளி நின்று ஆன் செய்து, பேட்டரி பார்த்து, சோதனை மூலத்தில் முள் அசைகிறதா என்று பார்த்து, பின்னணி அளவை (சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சை) குறித்துக்கொண்டு, அப்புறம் பெட்டியை நெருங்குங்கள். மேற்பரப்பில் ஓர் அளவு, ஒரு மீட்டரில் ஓர் அளவு. லேபிள் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும். அதிகமாக இருந்தால் மட்டுமல்ல, மிகக் குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்; வேறு பொருளை அனுப்பியிருக்கலாம்.

அடுத்தது துடைப்புச் சோதனை. கையுறை போட்டுக்கொண்டு, வட்ட வடிகட்டித் தாள் ஒன்றால் பெட்டியின் வெளிப்புறத்தில் சுமார் 300 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் துடைக்க வேண்டும். ஓரளவு பெரிய நோட்டுப் புத்தகத்தின் அரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளையும் டேப் ஒட்டிய விளிம்பையும் விட்டுவிடாதீர்கள், கசிவு அங்கேதான் முதலில் தெரியும். போக்குவரத்து விதியில் பீட்டா, காமா வெளியிடும் பொருள்களுக்கு ஒட்டாத (துடைத்தால் வந்துவிடும்) மாசின் வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கெரல். பெரும்பாலான ஆல்பா பொருள்களுக்கு அதில் பத்தில் ஒன்று. 300 சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கெரல் வீதம் 1200 பெக்கெரல் ஆகிறது. தாள் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும் என்று எடுத்துக்கொண்டால், தாளில் 120 பெக்கெரல், அதாவது நிமிடத்துக்கு 7200 சிதைவுகள். அதைத் தாண்டினால் பெட்டியைத் தனியே மூடி வைத்து, பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டு, அனுப்பியவருக்கும் ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வகத்துக்கென்று இதைவிட மிகக் குறைந்த வரம்பு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

டிரிட்டியம் விஷயத்தில் கெய்கர் கவுன்ட்டரை நம்பாதீர்கள். அதன் பீட்டாவின் அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான். கவுன்ட்டரின் மெல்லிய ஜன்னலைக்கூடத் தாண்டாது. மேசை முழுக்கச் சிந்தியிருந்தாலும் மீட்டர் அமைதியாக இருக்கும். துடைத்து, திரவ சிண்டிலேஷன் கவுன்ட்டரில் எண்ணினால்தான் தெரியும். அயோடின்-125 க்கு மெல்லிய சோடியம் அயோடைடு படிகம் வைத்த மீட்டர் வேண்டும். எந்த ஐசோடோப்புக்கு எந்த மீட்டர் என்று கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் இதெல்லாம்? அமெரிக்க விதிகளில், வேலை நேரத்தில் வந்து சேரும் லேபிள் ஒட்டிய பெட்டிகளுக்கு 3 மணி நேரம் என்று இருக்கிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தாலும் இதை உள் விதியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது எந்தப் பெட்டியும் ஏழு மணி நேரம் ஃபிரிட்ஜில் காத்திருக்காது.

படி 5: திறப்பது

கோட்டு, கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை, மார்பில் டோஸ் பேட்ஜ், விரலில் மோதிர டோசிமீட்டர். மோதிரத்தின் உணரி உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும், குப்பியைப் பார்ப்பது அந்தப் பக்கம்தான். பாஸ்பரஸ்-32 என்றால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால். ஈயம் இன்னும் கனமானது, இன்னும் பாதுகாப்பு என்று நினைத்து நேராக ஈயத்தை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றல் மிகுந்த பீட்டா ஈயத்தில் மோதினால் எக்ஸ் கதிர் கிளம்பும். முதலில் அக்ரிலிக், தேவைப்பட்டால் அதற்கு வெளியே ஈயம்.

ஆவியாகக் கூடிய அயோடின்-125 சேர்மங்களைப் புகைப்போக்கிப் பெட்டிக்குள் மட்டும் திறங்கள். சோடியம் அயோடைடு கரைசலை உறைய வைக்காதீர்கள், அமிலத்தோடும் பிளீச்சோடும் சேர்க்காதீர்கள். அயோடின் காற்றில் கலந்துவிடும்.

திறந்ததும் குப்பியில் உள்ள பெயர், அளவு, தேதி மூன்றையும் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புக் குடுவையையும் துடைத்து எண்ணுங்கள். காலிப் பெட்டியை மீட்டரால் பார்த்து, சுத்தம் என்றால் மூவிதழ்ச் சின்னத்தை (கதிரியக்க எச்சரிக்கைக் குறியை) மையால் அடித்துவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள். சின்னம் அழியாத காலிப் பெட்டி ஒன்று தெருக் குப்பையில் கிடந்தால் அன்று முழுக்க உங்கள் தொலைபேசி ஓயாது.

படி 6: பதிவேடு

குப்பி மேசைக்கு வந்ததும் அதற்கு ஒரு தனி எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு பக்கம். ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன்.

குப்பியில் வந்தது 25 மைக்ரோலிட்டர், குறிப்புத் தேதியில் 9.25 மெகாபெக்கெரல். குறிப்புத் தேதியன்று ஒருவர் 5 மைக்ரோலிட்டர் எடுக்கிறார்: 1.85 மெகாபெக்கெரல். 14 நாள் கழித்து இன்னொருவர் அதே 5 மைக்ரோலிட்டரை எடுக்கிறார்: இப்போது அது சுமார் 0.94 தான். கன அளவு ஒன்றே, கதிரியக்கம் பாதி. அதனால் பதிவேட்டில் முதன்மையாகக் கன அளவை எழுதுங்கள். குப்பியில் மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து ஒப்பிடக் கூடியது அது ஒன்றுதான். கதிரியக்க அளவைப் பக்கத்துக் கட்டத்தில், அன்றைய தேதிக்குத் திருத்தி எழுதுங்கள்.

அடுத்த கட்டம், எடுத்தது எங்கே போனது? திரவக் கழிவில் இவ்வளவு, பிப்பெட் முனைகளோடு திடக் கழிவில் இவ்வளவு, மெம்பிரேனில் இவ்வளவு. துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. நியாயமான மதிப்பீடு போதும். ஆனால் மூன்றையும் கூட்டினால் எடுத்த அளவு வர வேண்டும். கழிவுத் தொட்டியின் பதிவும் இதே எண்ணைக் காட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் முழுக் கையெழுத்து. ‘லேப்’ என்று எழுதினால் அது யாருடைய பெயரும் இல்லை.

மாதம் ஒருமுறை, பதிவேட்டை எழுதாத ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஃப்ரீசர் முன் நின்று ஒவ்வொரு குப்பியாகச் சரிபார்க்க வேண்டும். பட்டியலில் இருந்து குப்பிக்குப் போவதோடு நிறுத்தாமல், குப்பியிலிருந்து பட்டியலுக்கும் வாருங்கள். முதல் வழியில் காணாமல் போனது தெரியும். இரண்டாவது வழியில்தான் யாருக்கும் தெரியாமல் வந்து சேர்ந்தது தெரியும்.

படி 7: வைக்கும் இடம்

பூட்டு. பூட்டின் சாவி யாரிடம் என்ற பட்டியல். இரண்டும் இல்லாவிட்டால் அறையில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும். ஒரு காபி குடித்துவிட்டு வர ஆகும் நேரமும் ‘ஆள் இல்லாத நேரம்’ தான்.

டிரிட்டியம் சேர்மங்களை வைக்கும் ஃப்ரீசரில் ஒரு விசேஷம் உண்டு. சில சேர்மங்களிலிருந்து டிரிட்டியம் மெல்ல வெளியேறி, சுவரில் படியும் பனியில் சேரும். வருடக்கணக்கில் சுத்தம் செய்யாத ஃப்ரீசரின் பனியை ஒரு சிண்டிலேஷன் குப்பியில் எண்ணிப் பாருங்கள். அதைச் செய்து பார்க்காமல் பனியை உருக்கிச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

படி 8: மூடிய மூலங்களும் மறந்துபோன கருவிகளும்

குப்பிகளில் பலவாவது சிதைந்து தீரும். கருவிக்குள் சீல் செய்து வைத்த மூலம் அப்படியே உட்கார்ந்திருக்கும். சீசியம்-137 க்கு அரை ஆயுள் 30 வருடம், அமெரிசியம்-241 க்கு 432 வருடம். அதை வாங்கிய பேராசிரியரின் பணிக்காலம் அவ்வளவு இல்லை.

2010 இல் டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது இதுதான். பல்கலைக்கழக வேதியியல் துறை ஒன்றில் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த காமா கதிரேற்றக் கருவி, உள்ளே கோபால்ட்-60 இருக்கும்போதே, பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. சந்தையில் அதை உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அந்தக் கருவியை வாங்கியபோது யாரும் தவறு செய்யவில்லை. அது யாருடையது என்று பிற்காலத்தில் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் தவறு.

அதனால் மூடிய மூலங்களுக்குத் தனிப் பட்டியல்: ஐசோடோப், வரிசை எண், வந்த தேதி, எந்தக் கருவி, எந்த அறை, யார் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கசிவுச் சோதனை என்பது பரவலான வழக்கம். துடைத்த தாளில் 185 பெக்கெரலைத் தாண்டினால் கசிகிறது என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். பயன்பாட்டில் இல்லாத மூலத்தைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தை வாங்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். பழைய சாமான் ஏலக் குழுவின் படிவத்தில் பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்துக்கும் ஓர் இடம் விடுங்கள்.

படி 9: கணக்கு இடிக்கும்போது

பதிவேட்டில் மூன்று குப்பி, ஃப்ரீசரில் இரண்டு. முதலில் கழிவுத் தொட்டி எதையும் வெளியே அனுப்பாதீர்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடுங்கள். பத்தில் எட்டுத் தடவை அது இன்னொரு அலமாரியிலோ கழிவிலோ இருக்கும். அன்றைக்குள் கிடைக்கவில்லை என்றால் ஆணையத்துக்குத் தெரிவிக்கும் காலக்கெடு ஓட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் ரெண்டு நாள் தேடிப் பார்ப்போம்’ என்பது பின்னால் மறைத்ததாகத்தான் படும்.

சிந்தினால்: மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், உறிஞ்சும் தாளைப் போடுங்கள், இடத்துக்கு யாரும் வராமல் தடுப்பு வையுங்கள், செருப்பின் அடியை மீட்டரால் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள்.

படி 10: வெளியேற்றம்

அரை ஆயுள் குறைந்தவற்றைச் சிதைய விடுவதே நடைமுறை. பத்து அரை ஆயுள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும்: பாஸ்பரஸ்-32 க்கு 143 நாள், கந்தகம்-35 க்கு 875 நாள். ஆனால் பத்து என்பது மந்திர எண் அல்ல. பெரிய அளவில் தொடங்கியிருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கும் கணிசம்தான். ஆகவே நாள் எண்ணிவிட்டு மீட்டரும் வைத்துப் பாருங்கள். பின்னணி அளவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்த பிறகே சின்னத்தை அழித்து வெளியே விடுங்கள். கழிவை ஐசோடோப் வாரியாகப் பிரித்து வைக்கச் சொல்வது இதற்குத்தான். 143 நாளில் முடிய வேண்டிய தொட்டிக்குள் யாரோ கார்பன்-14 பட்ட ஒரு பிப்பெட் முனையைப் போட்டுவிட்டால் அதன் அரை ஆயுள் 5730 வருடம்.

ஆய்வாளர் ஒருவர் விலகும்போது, அவருடைய கடைசிச் சம்பளக் கோப்பு நகர்வதற்கு முன்னால், அவர் பெயரில் உள்ள ஒவ்வொரு குப்பியும் இன்னொருவர் பெயருக்கு மாறியிருக்க வேண்டும் அல்லது கழிவுக்குப் போயிருக்க வேண்டும். இருவரும் ஃப்ரீசர் முன் சேர்ந்து நின்று, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அறையையே மூடுகிறீர்கள் என்றால் மேசை, சிங்க், புகைப்போக்கி, தரையின் மூலைகள், ஃபிரிட்ஜின் ரப்பர் விளிம்பு எல்லாவற்றையும் துடைத்து எண்ணி, முடிவுகளைக் கோப்பில் சேர்த்த பிறகு, கதவில் இருக்கும் மூவிதழ்ச் சின்னத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள்.